ஈசானிய மூலைக் குழி

‘குரங்குகள் அட்டகாசம், பொதுமக்கள் அவதி’ என்ற செய்தியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாளிதழின் திண்டுக்கல் பக்கத்துக்குப் பகுதி நேரச் செய்தியாளனாக இருப்பவனுக்கு இது கோடைதோறும் வரும் செய்தி. இடத்தின் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். ஒரு வருடம் கொடைரோடு, மறு வருடம் சின்னாளப்பட்டி, இன்னொரு வருடம் எங்கள் தெருவே. செய்தி வந்ததும் கூண்டு வரும். உள்ளே வாழைப்பழம் வைப்பார்கள். நான்கைந்து சிக்கும். மலையில் கொண்டுபோய் விடுவார்கள். சில வாரங்களில் திரும்பவும் நான்கைந்து வந்து சேரும். அவைதானா, வேறா என்று எனக்குத் தெரியாது. கூண்டு வைத்தவர்களுக்கும் தெரியாது.

நத்தம் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெரு ஒரு கொய்யாத் தோப்பில் போய் முடிகிறது. முனையில் நின்றால் சிறுமலை முழுசாகத் தெரியும். முன்பெல்லாம் குரங்குகள் சித்திரை, வைகாசியில் தண்ணீருக்காக இறங்கி வரும். மழை விழுந்ததும் போய்விடும். மலைக்குக் காரில் போகிறவர்கள் வளைவுகளில் வண்டியை நிறுத்திச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் போடத் தொடங்கிய பிறகு, இலையும் காட்டுப் பழமும் அவற்றின் தொண்டையில் இறங்கவில்லை. இப்போது வருடம் முழுக்க இங்கேதான்.

அவற்றின் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். கதவில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, மூலையை மட்டும் கடித்து, தலையை அண்ணாந்து குடிக்கும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே இறங்கிக் குளிக்கும். அந்தத் தண்ணீரில்தான் பல் விளக்கினோம் என்பது பத்து மணிக்கு மேல் நமக்குத் தெரியவரும். பைக் கண்ணாடியில் முகம் பார்க்கும். பிடிக்காவிட்டால் கண்ணாடியைத் திருகி எடுத்துவிடும். புலி பொம்மை வைத்தால் வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தெருவே புலி வாங்கி மாடியில் வைத்தது. மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள், எங்கள் வீட்டுப் புலியின் முதுகில் ஒரு குட்டி உட்கார்ந்து, என் மனைவி காயவைத்த கொத்தவரங்காய் வற்றலைத் தின்றுகொண்டிருந்தது. வெறுங்கையால் கவட்டையில் கல் வைத்து இழுப்பதுபோலப் பாவனை காட்டினால் முதலில் ஓடின. பிறகு, கையில் கவட்டை இருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டன.

விரட்டி விரட்டி அலுத்துப்போனோம். அலுத்த பிறகு கோபப்படுவதுகூட ஒரு வேலையாகத் தெரிந்தது.

எங்கள் வீட்டிலிருந்து ஐந்து வீடு தள்ளி ஒரு நர்ஸம்மா வாடகைக்கு இருந்தார். அரசு மருத்துவமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை; ஒரே மகள் கோயம்புத்தூரில். தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் ‘நர்ஸக்கா’. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டும், நாய் கடிக்கு ஊசி கேட்டும் அவர் வாசலில் யாராவது நிற்பார்கள். ஒரு நாள் அவருடைய சமையலறைக்குள் புகுந்த குரங்கு சர்க்கரை நோய் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு சுவரேறி, ஒவ்வொன்றாக அமுக்கி எடுத்து வாயில் போட்டுத் துப்பிக்கொண்டிருந்தது. அவர் இடுப்பில் கை வைத்தபடி கீழே நின்று சொன்னார்: “தின்னு. தெருவுல அம்புட்டுப் பேரு வீட்டுப் பூந்தியையும் தின்னா ஒனக்குஞ் சுகரு வராம என்ன செய்யும்? ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.”

அவருக்கு அதே தெருவில் மூன்று சென்ட் மனை இருந்தது. எப்போதோ வாங்கிப் போட்டது. வாடகை வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு ஊர் திரும்புவதாக இருந்ததால், பங்குனிக்குள் காலி செய்து தரும்படி சொல்லிவிட்டார்கள். “பன்னெண்டு வீடு மாறிட்டேன் தம்பி. இன்னொரு தடவ பாத்திரத்தச் சாக்குல கட்ட முடியாது” என்றார் என்னிடம். புரட்டாசியில் புது வேலை தொடங்க மாட்டார்கள் என்பதால் ஆவணி முடிவதற்குள் வாஸ்து பூசை போட்டார். ஒன்பது தூண்களுக்கு ஒன்பது குழி தோண்டினார்கள். முதல் குழி, வடகிழக்கான ஈசானிய மூலையில். மஞ்சள், குங்குமம், பூ, எலுமிச்சம்பழம் எல்லாம் அந்தக் குழிக்குத்தான். திங்கட்கிழமை கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு. இடையில் ஒரு சனிக்கிழமை வந்தது. தங்கை மகளின் வளைகாப்புக்கு அவர் கொடைரோட்டுக்குப் போய்விட்டார்.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு வெடிச்சத்தம் கேட்டது. தெருவில் மின்சாரம் போனது. ஃபேன் நின்றதால்தான் முதலில் எல்லோரும் வெளியே வந்தார்கள். மின்மாற்றிக்குக் கீழே ஒரு தாட்டான் கிடந்தது. பெரிய ஆண் குரங்கை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கையிலும் காலிலும் மயிர் கருகியிருந்தது. கம்பத்தின் உச்சியில் மற்றவை வரிசையாக உட்கார்ந்து, சத்தம் போடாமல் கீழே பார்த்தன.

முதலில் பக்கத்தில் போனவர் தெருமுனை டீக்கடைக்காரர். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார். பிறகு என்னைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“போன வாரம் பன் பாக்கெட்டத் தூக்கிட்டான்னு இவன மூடியால எறிஞ்ச கையிண்ணே இது.”

அவர் கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. அதுவரை ‘சனியன்’ என்று சொன்ன வாய்கள் ‘ஆஞ்சநேயர்’ என்றன. சனிக்கிழமையாகப் பார்த்துப் போயிருக்கிறது என்பதைப் பலரும் கவனித்துச் சொன்னார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். வெள்ளை வேட்டி வாங்கி வந்து சுற்றினார்கள். சம்பங்கி மாலை வந்தது. கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் படம் வேண்டும் என்று டீக்கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

“ஒங்க போன்ல இவன் போட்டோ இருக்குமேண்ணே.”

இருந்தது. சித்திரையில் ‘அவதி’ செய்திக்காக எடுத்தது. பால் பாக்கெட்டோடு சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு. அது இந்தக் குரங்குதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அனுப்பிவிட்டேன். பேனர்க்காரர் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தார்.

புதைக்க இடம் தேடினார்கள். தெரு முழுக்க சிமெண்ட் சாலை, வீடுகளுக்குச் சுற்றுச்சுவர். கொய்யாத் தோப்புக்காரர் ஊரில் இல்லை. ஓடைக்கரை தூரம், வெயில் வேறு ஏறிவிட்டது. அப்போது யாரோ நர்ஸம்மாவின் மனையைக் காட்டினார்கள். குழி தயாராக இருந்தது. பூசை போட்ட குழி. ஈசானிய மூலை. மஞ்சள்கூட இன்னும் காயவில்லை. இதைவிடச் சுத்தமான இடம் எது என்று ஒருவர் கேட்டார்.

வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். “சொல்லிக்கிருவோம்ணே” என்றார்கள். நர்ஸம்மாவுக்குச் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தபோது அங்கே நின்ற ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். செய்திக்குப் போகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. நான் குழியின் ஓரத்தில் நின்றவர்களைக் கொஞ்சம் விலகச் சொல்லி, மாலை தெரியும்படி நான்கு படம் எடுத்தேன். கற்பூரம் காட்டி மண்ணைத் தள்ளி மூடினார்கள். மண்மேட்டின் தலைமாட்டில் பேனரைக் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் அது பெட்டிச் செய்தியாக வந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு நர்ஸம்மா பயணப் பையோடு என் வீட்டு வாசலில் நின்றார். கையில் மடித்த நாளிதழ்.

“படம் நல்லா வந்திருக்கு தம்பி. பின்னாடி நீலமாத் தெரியிறது என் தண்ணி டிரம்மு.”

நான் உள்ளே வரச் சொன்னேன். அவர் வரவில்லை.

“வளைகாப்பு வீட்டுல எல்லாருக்கும் காட்டுனேன். எங்க தெருதான்னு பெருமையாச் சொன்னேன். டிரம்மப் பாத்த பெறகுதான் வாய மூடுனேன்.”

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். சின்னாளப்பட்டிக்காரர், நல்ல வேலைக்காரர் என்று பெயர். மண்மேட்டையும் பேனரையும் பார்த்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இதுல நான் கடப்பாறை போட மாட்டேன்க்கா. பிள்ள குட்டிக்காரன்.”

“நானா பொதச்சேன்? வேற ஆளு வச்சு எடுத்துருவோமா?”

“எடுக்கக் கூடாதுக்கா. அந்த ஒண்ண விட்டுட்டு எட்டுத் தூண்ல எழுப்பிருவோமா?”

“மூணு கால் கட்டில்ல நீ படுப்பியா?”

கொத்தனார் நூல்கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்தார். மனை மூன்று சென்ட்தான். ஒரு பக்கம் ஆழ்துளைக் கிணறு. மறு பக்கம் சுற்றுச்சுவர். தூணைத் தள்ளிப் போட இடம் இல்லை என்று பொறியாளரும் சொல்லிவிட்டார். நர்ஸம்மா வேறு இரண்டு கொத்தனார்களைக் கூட்டிவந்தார். ஒருவர் மனைக்குள்ளேயே வரவில்லை. இன்னொருவர் வந்து, பார்த்து, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தெருவில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். டீக்கடைக்காரர் தினமும் நர்ஸம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். “தப்புத்தான்க்கா. நடந்துருச்சு. ஒரு வழி பண்ணீருவோம்” என்பார். ஆனால் மண்வெட்டியை எடுக்க யாரும் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. நானும் எடுக்கவில்லை.

அதற்குள் புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை செய்தியைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ இரண்டு குடும்பங்கள் வந்தன. துளசி மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஒரு சீப்புப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் சனிக்கிழமை வேன் வந்தது. பழம் வைத்தவர்கள் கிளம்பிய மறு நிமிடம் குரங்குகள் இறங்கும். பழத்தோலை எட்டுக் குழிகளிலும் போடும். துளசி மாலையை ஒன்று கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்ததைப் பார்த்து வேனில் வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தெருவில் மொத்தம் எத்தனை குரங்கு என்று யாரும் எண்ணவில்லை. முன்பைவிடக் கூடிவிட்டது என்பதற்கு எண்ண வேண்டியதும் இல்லை. சிமெண்ட் மூட்டையைக் கிழித்து ஒன்றையொன்று வெள்ளையடித்தன. நீல டிரம்மை உருட்டிக்கொண்டே தோப்புவரை போயின.

என்னுடைய செய்திதான் வேனைக் கூட்டிவந்தது. இதை நான் நர்ஸம்மாவிடம் சொன்னேன். “எழுதலேன்னாலும் வருவாங்க தம்பி. நீங்க எழுதுனதால வழி கேக்காம வந்தாங்க” என்றார். அதை ஆறுதலாகச் சொன்னாரா, குத்தலாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வார்டில் எதையும் வெளியே காட்டாமல் பழகிய முகம்.

ஐப்பசி மழை தொடங்கியது. குழிகளில் தண்ணீர் நின்று பக்கவாட்டு மண் சரிந்தது. இன்னும் இரண்டு மழை பெய்தால் எட்டுக் குழிகளையும் புதிதாகத் தோண்ட வேண்டும். வாடகை வீட்டுக்காரர் ஒரு முறை வந்து, பங்குனி ஞாபகம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். சின்னாளப்பட்டிக் கொத்தனார் போன் செய்து, கார்த்திகையில் வேறு வேலையை ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

ஒரு புதன்கிழமை, மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த மதியம், நர்ஸம்மா வந்தார்.

“தம்பி, செத்த நேரம் வாரீங்களா? படம் எடுக்கிற போன வீட்டுலயே வச்சுட்டு வாங்க.”

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, முகக் கவசம், ப்ளீச்சிங் பவுடர், புது வேட்டி ஒன்று, கற்பூரம். மண்வெட்டி ஏற்கெனவே மனையில் இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேனரை அவிழ்த்து மடித்து ஓரமாக வைத்தார். மேட்டுக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். கும்பிட்டார் என்று நினைத்தேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் வெட்டினேன். ஈர மண், சுலபமாகவே வந்தது. இரண்டடிக்குக் கீழே வேட்டியின் ஓரம் தெரிந்ததும் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரே குழிக்குள் இறங்கினார். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. வாடை வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“வார்டுல எத்தனையோ பாத்தாச்சு. இது பாவம், கைப்பிள்ள கனங்கூட இல்ல” என்று குழிக்குள்ளிருந்து சொன்னார். புது வேட்டியில் வைத்து முடிச்சுப் போட்டு இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

சுற்றுச்சுவரின் மேல் ஏழெட்டுக் குரங்குகள் வந்து உட்கார்ந்திருந்தன. ஒன்று இறங்கி வாளியைக் கிளறியது. மீதியிருந்த கையுறையை எடுத்து, முகர்ந்து, போட்டுவிட்டுக் கற்பூரப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

“கொண்டு போ” என்றார் நர்ஸம்மா, குழிக்குள் ப்ளீச்சிங் பவுடர் தூவியபடி. “ஒங்க ஆளுக்குத்தான் வாங்குனது.”

ஓடைக்கரைக்கு நடந்து போனோம். வழியில் டீக்கடை. டீக்கடைக்காரர் என் கையிலிருந்த வெள்ளை முடிச்சையும், நர்ஸம்மாவின் தோளிலிருந்த மண்வெட்டியையும் பார்த்தார். பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்து, மண்வெட்டியை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். கரையில் ஒரு புளிய மரத்தடியில் அவர்தான் குழி வெட்டினார். ஆழமாகவே வெட்டினார். மூடிய பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“செய்யணும்னுதான்க்கா இருந்தோம். மொதல்ல யாரு கை வைக்கிறதுன்னுதான்...”

“தெரியும்ப்பா. ரெண்டு மாசமா அதத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்.”

“எங்க மேல கோவமாக்கா?”

“கோவப்பட்டா வீடு எந்திரிச்சுருமா? டீயப் போடு. சீனி வேண்டாம்.”

தெருவில் அது பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை மண்மேடு இருந்த இடத்தில் வெறும் குழி இருந்தது. பார்த்துக்கொண்டே பால் வாங்கப் போனார்கள். சிலர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்தார். குழியைச் சுற்றி நடந்தார். யார் எடுத்தது என்று கேட்கவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பிழிந்துவிட்டு, “ஜல்லியக் கொட்டச் சொல்லுங்கக்கா” என்றார். மாலைக்குள் ஒன்பது குழிகளிலும் கான்கிரீட் விழுந்தது. ஈசானிய மூலையில் கம்பி நிமிர்ந்து நின்றது. நர்ஸம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் குச்சியோடு, ஈரக் கான்கிரீட்டில் குரங்கு கால் வைக்காமல் இருட்டும்வரை காவல் இருந்தார்.

சனிக்கிழமை நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒரு கணவனும் மனைவியும் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு.

“ஏனுங்க, பேப்பர்ல போட்டிருந்தாங்களே, ஆஞ்சநேயர அடக்கம் பண்ணின எடம் இதுதானுங்களா?”

அந்த அம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸம்மா, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

“இங்க இல்லம்மா. அது எடம் மாறிப் போயிருச்சு.”

“எங்கிங்க போச்சு?”

“மலப்பக்கந்தான். ஓடத் தண்ணியும் நெழலுமா நல்ல எடம்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா, இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டோம் என்பதுபோல, பழச் சீப்பை மணல் குவியலின் மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். சுவரின் மேல் அசைவு தெரிந்தது. நர்ஸம்மா குடத்தைக் கீழே வைத்து, அவை இறங்கும் முன் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். சித்தாள் பெண்களுக்கு இரண்டிரண்டாகப் பிய்த்துக் கொடுத்தார். மிச்சம் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“உரிச்சு இங்கனயே சாப்பிட்டுருங்க தம்பி. கையில வச்சுக்கிட்டு நடந்தா விடாது.”